குழந்தையின் விளையாட்டை வேலையாக மதித்த மரியா மாண்டிசோரி

பனாமா கால்வாய் திறக்கப்பட்டதைக் கொண்டாடும் வகையில், 1915ஆம் ஆண்டு அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் பெரும் உலகக் கண்காட்சி ஒன்று நடைபெற்றது. அங்கு கல்விக்கென ஒதுக்கப்பட்ட மாளிகையில், கண்ணாடிச் சுவர்கள் கொண்ட வகுப்பறை ஒன்று அமைக்கப்பட்டிருந்தது. அதற்கு முன் பள்ளிக்கே சென்றிராத, மூன்று முதல் ஆறு வயது வரையிலான 21 குழந்தைகள் அதனுள் இருந்தனர். கண்ணாடிக்கு வெளியே அமர்ந்து பார்த்தவர்கள் எதிர்பார்த்தது ஒரு பாடவேளையை. அவர்கள் கண்டதோ வேறொன்று. ஒரு குழந்தை மரக்கட்டைகளை அடுக்கியது, இன்னொன்று தண்ணீரை ஒரு கிண்ணத்திலிருந்து மற்றொன்றுக்கு ஊற்றியது. நண்பகலில் குழந்தைகளே மேசை அமைத்து, ஒருவருக்கொருவர் உணவு பரிமாறினர். ஆசிரியை பெரும்பாலும் ஓரமாக நின்று கவனித்துக்கொண்டிருந்தார்.

இந்த வகுப்பறையை வடிவமைத்தவர் இத்தாலியைச் சேர்ந்த மருத்துவரும் கல்வியாளருமான மரியா மாண்டிசோரி. இந்தக் கண்காட்சிக்கு 24 ஆண்டுகளுக்குப் பிறகு அவர் சென்னை அடையாறில் ஓலைக் கொட்டகையில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். அதன் பின்னர் கொடைக்கானல் மலையிலும் வாழ்ந்தார். கலிபோர்னியாவின் விரிகுடாப் பகுதியிலும், நியூ ஜெர்சியிலும், டெக்சாஸிலும் வாழும் தமிழ்ப் பெற்றோர் இன்று தங்கள் பிள்ளைகளைச் சேர்க்கும் பல மழலையர் பள்ளிகளின் பெயர்ப்பலகைகளில் அவர் பெயர் காணப்படுகிறது. தமிழ்நாட்டின் சிறு நகரங்களிலும் அப்படித்தான். இலங்கையிலோ எந்த மழலையர் பள்ளியையும் அவர் பெயரால் அழைக்கும் வழக்கமே பேச்சுமொழியில் வேரூன்றிவிட்டது.

பெயர் இவ்வளவு பரவிய அளவுக்கு அவரது கருத்து பரவியிருக்கிறதா என்பது ஐயத்துக்குரியது. பிள்ளை விரைவில் எழுதப் படிக்கக் கற்றுக்கொள்ளும் என்ற நம்பிக்கையில்தான் பல பெற்றோர் அப்பெயரை நாடுகின்றனர். ஆனால் குழந்தையை அவசரப்படுத்தக் கூடாது என்பதே மாண்டிசோரியின் வாழ்நாள் வாதம்.

மருத்துவராகத் தொடங்கிய பயணம்

மரியா மாண்டிசோரி 1870ஆம் ஆண்டு ஆகஸ்ட் 31ஆம் தேதி, இத்தாலியின் அன்கோனா நகருக்கு அருகே உள்ள கியாரவாலே என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை அரசு அலுவலர். மகள் ஆசிரியையானால் போதும் என்று அவர் நினைத்தார். மகளோ முதலில் பொறியியலையும் பின்னர் மருத்துவத்தையும் விரும்பினார். தாயின் ஆதரவோடு ரோம் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்று 1896இல் பட்டம் பெற்றார். ஆண் மாணவர்களோடு சேர்ந்து சடலங்களை அறுத்துப் படிப்பது பெண்ணுக்குத் தகாது என்று கருதப்பட்டதால், மற்றவர்கள் சென்ற பிறகு தனியே அப்பயிற்சியை அவர் மேற்கொள்ள வேண்டியிருந்தது. இத்தாலியின் முதல் பெண் மருத்துவர் என்று அவரைக் குறிப்பிடுவோர் உண்டு. உண்மையில் அவருக்கு முன்னரே வேறு சில பெண்கள் அங்கு மருத்துவப் பட்டம் பெற்றிருந்தனர்.

ரோமில் மனநல மருத்துவமனைகளில் பணியாற்றியபோது, மனவளர்ச்சி குன்றியவர்கள் என்று முத்திரை குத்தப்பட்டு அடைத்து வைக்கப்பட்டிருந்த குழந்தைகளை அவர் கண்டார். அவர்களுக்கு மருந்தைவிடக் கைகளுக்கும் புலன்களுக்கும் வேலையே தேவை என்ற முடிவுக்கு அவர் வந்தார். இதார், செகன் ஆகிய இரு பிரெஞ்சு மருத்துவர்களின் நூல்கள் அவருக்கு வழிகாட்டின. அவர் பயிற்றுவித்த குழந்தைகளில் சிலர் பொதுப் பள்ளித் தேர்விலும் தேறியதாகக் கூறப்படுகிறது. இது பலரைப் பாராட்ட வைத்தது. மாண்டிசோரிக்கோ வேறொரு கேள்வி எழுந்தது. நல்ல உடல்நலமும் அறிவும் உள்ள குழந்தைகள், இவர்களுக்குச் சமமான நிலையிலேயே நின்றுவிடும் அளவுக்குச் சாதாரணப் பள்ளிகள் அவர்களை என்ன செய்கின்றன என்பதே அக்கேள்வி.

இதே காலகட்டத்தில் அவரது சொந்த வாழ்வில் ஆழமான காயம் ஒன்று ஏற்பட்டது. உடன் பணியாற்றிய மருத்துவர் மோன்தெசானோவுடன் கொண்ட உறவில் 1898ஆம் ஆண்டு மார்ச் 31ஆம் தேதி அவருக்கு மரியோ என்ற மகன் பிறந்தான். திருமணம் நடக்கவில்லை. திருமணமாகாத தாய் என்ற செய்தி வெளியே தெரிந்தால் அவரது தொழில் வாழ்க்கை அன்றோடு முடிந்திருக்கும். குழந்தை கிராமப்புறத்தில் ஒரு குடும்பத்திடம் வளர்க்கக் கொடுக்கப்பட்டது. தாய் அவ்வப்போது சென்று பார்த்தார். ஆனால் தான் யார் என்று சொல்ல முடியவில்லை. பிள்ளை வளர்ப்பின் முதல் ஆண்டுகளே மனிதனின் அடித்தளம் என்று உலகெங்கும் பேசிய பெண்மணி, தன் மகனின் அந்த ஆண்டுகளில் அவனோடு இருக்கவில்லை.

ஒதுக்கித் தள்ளப்பட்ட பொம்மைகள்

ரோம் நகரின் சான் லோரென்சோ அன்று வறுமை மிகுந்த தொழிலாளர் குடியிருப்பு. அங்கு அடுக்குமாடி வீடுகளைப் புதுப்பித்த கட்டட நிறுவனம் ஒரு சிக்கலை எதிர்கொண்டது. பெற்றோர் வேலைக்குச் சென்றபின், பள்ளி வயது எட்டாத பிள்ளைகள் மாடிப்படிகளில் ஓடித் திரிந்து சுவர்களைப் பாழாக்கினர். அவர்களை ஓர் அறையில் வைத்துப் பார்த்துக்கொள்ள ஒருவர் தேவைப்பட்டார். மாண்டிசோரி அப்பொறுப்பை ஏற்றார். 1907ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் தேதி குழந்தைகள் இல்லம் என்ற பெயரில் அந்த அறை திறக்கப்பட்டது. சுமார் 50 குழந்தைகள் சேர்ந்தனர். பொறுப்பேற்ற இளம் பெண் முறையான ஆசிரியப் பயிற்சி பெற்றவர் அல்லர். பயிற்சி பெற்றவர்கள் குழந்தைகளை அடக்கியே பழகியவர்கள் என்பதால் அது ஒரு குறையாகவும் மாண்டிசோரிக்குத் தோன்றவில்லை.

அந்த அறையில் அவர் கவனித்தவையே பின்னர் ஒரு முறையாக வளர்ந்தன. வசதி படைத்தவர்கள் அன்பளிப்பாகத் தந்த விலையுயர்ந்த பொம்மைகள் அங்கு இருந்தன. குழந்தைகள் அவற்றைத் தாமாகத் தேர்ந்தெடுக்கவில்லை. உருளைகளை உரிய துளைகளில் பொருத்துவது, தரையைப் பெருக்குவது, மேசையைத் துடைப்பது போன்றவற்றையே மீண்டும் மீண்டும் நாடினர். ஒரு சிறுமி உருளைகளைப் பொருத்தும் செயலில் ஆழ்ந்திருந்தபோது, அவள் அமர்ந்திருந்த நாற்காலியையே தூக்கி வைத்தும், சுற்றிலும் மற்ற குழந்தைகளைப் பாட வைத்தும் அவளது கவனம் சிதறவில்லை என்று மாண்டிசோரி பதிவு செய்துள்ளார். செய்து முடித்த பின் அவள் களைப்பின்றி மகிழ்வோடு எழுந்தாள்.

இந்தக் காட்சி தமிழர் வீடுகளுக்குப் புதிதல்ல. சொப்புச் சாமான்களை வாங்கிக் கொடுத்தாலும், அவரைக்காய் உரிக்கும் பாட்டியின் அருகில் வந்து தானும் உரிப்பேன் என்று அடம்பிடிக்கும் பிள்ளையை எல்லோரும் கண்டிருப்பர். பல்லாங்குழியில் சோழிகளை ஒவ்வொன்றாக இட்டுக்கொண்டே போகும் சிறுமி, எண்ணும் பாடத்தைக் கையாலேயே கற்றுக்கொள்கிறாள். இத்தகைய ஈடுபாட்டை விளையாட்டு என்று பெரியவர்கள் அழைக்கின்றனர். மாண்டிசோரி அதைக் குழந்தையின் வேலை என்று அழைத்தார். தன்னைத் தானே ஒரு மனிதனாகக் கட்டமைக்கும் வேலை அது என்பது அவர் கருத்து. வேலை என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு அவர் விளையாட்டுக்கு எதிரி என்று கூறுவோரும் உண்டு. ஆனால் தானே தேர்ந்தெடுத்து, தன் விருப்பப்படி, தேவையான நேரம் வரை, பரிசோ தண்டனையோ இன்றிச் செய்வதுதான் விளையாட்டு என்றால், அவர் காத்ததும் அதைத்தான்.

அவருக்கு எல்லைகளும் இருந்தன. கற்பனைக் கதைகளையும் பாவனை விளையாட்டையும் அவர் பெரிதாக மதிக்கவில்லை. சிறு குழந்தைக்கு உண்மையும் கற்பனையும் பிரித்தறிய இயலாது என்பதால், தேவதைக் கதைகள் பின்னர் வரட்டும் என்று எண்ணினார். ஜெர்மனியில் 19ஆம் நூற்றாண்டில் கிண்டர்கார்டன் என்ற மழலையர் தோட்டத்தை நிறுவிய பிரெடரிக் ஃப்ரோபெல், விளையாட்டையும் பாடலையும் மையமாக வைத்தவர். அம்மரபில் வந்தவர்களுக்கு மாண்டிசோரியின் வகுப்பறை சற்று வறண்டதாகவே தெரிந்தது. பாவனை விளையாட்டு மொழி வளர்ச்சியோடும் பிறர் மனதை உணரும் திறனோடும் இணைந்து செல்வது என்று பின்னாளைய ஆய்வாளர்கள் பலர் கருதுகின்றனர். இவ்விடயத்தில் அவரது கணிப்பை எல்லோரும் ஏற்கவில்லை.

அமெரிக்காவின் வரவேற்பும் மறதியும்

1911ஆம் ஆண்டு அமெரிக்காவின் மெக்ளூர் இதழில் வெளியான கட்டுரைகள் மாண்டிசோரியின் பெயரை அந்நாடெங்கும் கொண்டு சென்றன. அடுத்த ஆண்டு அவரது நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பு வெளிவந்து பரபரப்பாக விற்பனையானது. தொலைபேசியைக் கண்டறிந்த அலெக்சாண்டர் கிரகாம் பெல்லும் அவரது மனைவியும் அவரது முறையை ஆதரித்தனர். 1913 டிசம்பரில் அவர் நியூயார்க் வந்து கார்னகி அரங்கில் உரையாற்றினார். நியூ ஜெர்சியில் வாழ்ந்த தாமஸ் ஆல்வா எடிசனையும் அப்பயணத்தில் சந்தித்தார். இன்று தமிழர்கள் உள்ளிட்ட இந்திய வம்சாவளியினர் பெருமளவில் வாழும் நியூ ஜெர்சியின் எடிசன் நகர் அந்தக் கண்டுபிடிப்பாளரின் பெயரையே தாங்கியிருக்கிறது.

1915இல் சான் பிரான்சிஸ்கோவின் கண்ணாடி வகுப்பறை அவரது அமெரிக்கப் புகழின் உச்சம். ஆனால் சரிவு அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. 1914ஆம் ஆண்டு கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் வில்லியம் கில்பாட்ரிக், மாண்டிசோரி முறையை விமர்சித்து ஒரு சிறு நூல் வெளியிட்டார். அதன் உளவியல் காலங்கடந்தது, கருவிகள் குழந்தையின் கற்பனையைக் கட்டுப்படுத்துகின்றன, கூடி விளையாட இடமில்லை என்பன அவரது குற்றச்சாட்டுகள். அமெரிக்க ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிகளில் செல்வாக்குப் பெற்றிருந்த அவரது கருத்தே நிலைத்தது. ஆசிரியர் பயிற்சி தன் மேற்பார்வையிலேயே நடக்க வேண்டும் என்ற மாண்டிசோரியின் பிடிவாதமும் ஆதரவாளர்களை விலகச் செய்தது. சில ஆண்டுகளிலேயே அவரது பள்ளிகள் அமெரிக்காவில் ஏறக்குறைய மறக்கப்பட்டன.

ஐரோப்பாவில் அவரது பயணம் வேறு வகையான சோதனைகளைச் சந்தித்தது. 1924 முதல் முசோலினியின் அரசு அவரது பள்ளிகளுக்கு ஆதரவளித்தது. அவர் அதை ஏற்றுக்கொண்டார். அவரது வாழ்வில் இன்றும் கேள்விக்கு உள்ளாகும் முடிவு அது. ஆணையிட்டால் அடிபணியும் தலைமுறையை விரும்பிய பாசிச அரசும், தானே சிந்திக்கும் குழந்தையை விரும்பிய கல்வியாளரும் நெடுநாள் ஒன்றாகப் பயணிக்க இயலவில்லை. 1934இல் உறவு முறிந்தது, இத்தாலியில் அவரது பள்ளிகள் மூடப்பட்டன. 1936இல் ஸ்பெயின் உள்நாட்டுப் போர் வெடித்தபோது, பார்சிலோனாவில் வாழ்ந்த அவர் அங்கிருந்தும் வெளியேறி நெதர்லாந்தில் குடியேறினார்.

அடையாறும் கொடைக்கானலும்

தியாசபிகல் சொசைட்டியின் தலைவர் ஜார்ஜ் அருண்டேலும், கலாக்ஷேத்ராவை நிறுவிய ருக்மிணி தேவியும் விடுத்த அழைப்பை ஏற்று, 1939ஆம் ஆண்டின் இறுதியில் மாண்டிசோரி தன் மகன் மரியோவுடன் சென்னை வந்தார். வயது 69. சில மாதங்களில் திரும்பிவிடும் எண்ணத்தோடு வந்தவர். அடையாறில் ஓலை வேய்ந்த கொட்டகைகளில் நடந்த முதல் பயிற்சி வகுப்பில் சுமார் 300 பேர் சேர்ந்தனர். மாண்டிசோரி இத்தாலிய மொழியில் உரையாற்ற, மரியோ அதை ஆங்கிலத்தில் பெயர்த்துச் சொன்னார்.

1940 ஜூன் மாதம் இத்தாலி, இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனுக்கு எதிராக இறங்கியது. பிரிட்டிஷ் இந்தியாவில் இருந்த இத்தாலியர்கள் எதிரி நாட்டவர் ஆயினர். மரியோ தடுப்பு முகாமில் அடைக்கப்பட்டார். முதிய தாய், அடையாறு வளாகத்தை விட்டு வெளியேறத் தடை விதிக்கப்பட்டது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 31ஆம் தேதி அவருக்கு 70 வயது நிறைவடைந்தது. அதையொட்டி வைஸ்ராயிடமிருந்து ஒரு தந்தி வந்தது. பிறந்தநாள் பரிசாக அவரது மகனை அவரிடமே திருப்பி அனுப்புவதாக அதில் தெரிவிக்கப்பட்டிருந்தது.

அந்தத் தந்தியின் முழுப் பொருளை அன்று அறிந்தவர் மிகச் சிலரே. மாண்டிசோரியின் தாய் 1912இல் காலமான பின்னரே, சுமார் 15 வயதில் மரியோ அவரிடம் வந்து சேர்ந்தார். அதன் பின்னரும் உறவினர் என்றோ வளர்ப்பு மகன் என்றோதான் உலகுக்கு அறிமுகப்படுத்தப்பட்டார். 42 ஆண்டுகள் மறைக்கப்பட்ட உறவை, ஓர் அரசாங்கத்தின் தந்தி மகன் என்ற ஒரு சொல்லால் வெளிப்படையாக்கியது. அது நிகழ்ந்த இடம் சென்னை.

வெளிநாட்டவர் என்பதால் கட்டுப்பாடுகள் முற்றிலும் நீங்கவில்லை. எனினும் பயிற்சி வகுப்புகளை நடத்த அனுமதி கிடைத்தது. 1942 முதல் சுமார் இரண்டு ஆண்டுகள் தாயும் மகனும் கொடைக்கானலில் வாழ்ந்தனர். அங்கு வெவ்வேறு வயதுக் குழந்தைகள் ஒன்றாகப் பயின்ற சிறு பள்ளி ஒன்று உருவானது. இலங்கையைச் சேர்ந்த லீனா விக்ரமரத்ன அதில் அவருக்குத் துணையாக இருந்தார். செடிகளும் பூச்சிகளும் மலையின் பாறைகளும் பாடப்பொருள்கள் ஆயின. ஆறு வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு, பிரபஞ்சத்தின் கதையிலிருந்து தொடங்கி எல்லாப் பாடங்களையும் இணைத்துச் சொல்லும் முறையை அவர் அங்கேதான் வளர்த்தெடுத்தார். 1944இல் இலங்கையிலும் பயிற்சி வகுப்பு நடத்தினார்.

பிறந்தது முதல் மூன்று வயது வரையிலான பருவத்தின் மீது அவரது கவனம் ஆழமாகத் திரும்பியதும் இந்திய ஆண்டுகளில்தான். தாய் செல்லும் இடமெல்லாம் குழந்தையும் கூடவே செல்லும் பண்பாடுகளில், சந்தையில் பேரம் பேசுவதையும் தெருவில் நடக்கும் உரையாடல்களையும் கேட்டே குழந்தை மொழியை உள்வாங்குகிறது என்று அவர் விளக்கினார். யாரும் இலக்கணம் சொல்லித் தருவதில்லை. மூன்று வயதில் குழந்தை பேசுகிறது. முதல் ஆறு ஆண்டுகளில் மனம், பஞ்சு நீரை உறிஞ்சுவதுபோலச் சூழலை உறிஞ்சுகிறது என்ற அவரது கோட்பாடு 1949இல் நூலாக வெளிவந்தது. அதை வெளியிட்டது அடையாறில் உள்ள தியாசபிகல் பதிப்பகம்.

1946இல் ஐரோப்பா திரும்பிய அவர், மீண்டும் 1947இல் இந்தியா வந்து 1949 வரை பயிற்சி அளித்தார். இந்தியத் துணைக்கண்டத்தில் அவரிடம் பயின்ற ஆசிரியர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் என்று கணக்கிடப்படுகிறது. 1952ஆம் ஆண்டு மே 6ஆம் தேதி நெதர்லாந்தின் நோர்ட்வைக் கடற்கரை ஊரில் 81ஆவது வயதில் அவர் காலமானார். பணியைத் தொடர்ந்தவர் மரியோ.

பெயரும் பொருளும்

அமெரிக்காவில் மாண்டிசோரி பள்ளிகள் 1950களின் இறுதியில் மீண்டும் தலையெடுத்தன. 1960இல் அமெரிக்க மாண்டிசோரி சங்கம் நிறுவப்பட்டது. இன்று அந்நாட்டில் சுமார் 3,000 பள்ளிகள் இம்முறையில் இயங்குவதாகக் கூறப்படுகிறது. அவற்றில் சில நூறு அரசுப் பள்ளிகள். டெக்சாஸின் டல்லாஸ், ஹூஸ்டன் நகரங்களில் கட்டணமில்லாத பொது மாண்டிசோரி பள்ளிகள் நெடுங்காலமாக உள்ளன.

ஆனால் 1967ஆம் ஆண்டு அமெரிக்க வணிகக் குறித் தீர்ப்பாயம் அளித்த முடிவின்படி, மாண்டிசோரி என்பது யாருக்கும் சொந்தமான பெயர் அல்ல. அது ஒரு கல்விமுறையைக் குறிக்கும் பொதுச்சொல். எனவே எவர் வேண்டுமானாலும் அப்பெயரில் பள்ளி தொடங்கலாம். இந்தியாவிலும் இலங்கையிலும் நிலைமை ஏறக்குறைய இதுவே. கருவிகளைக் கண்ணாடி அலமாரியில் பூட்டி வைத்துவிட்டு, மூன்று வயதுக் குழந்தையை வரிசையில் அமர்த்தி, கோடு போட்ட நோட்டில் எழுத வைக்கும் பள்ளியும் அப்பெயரைச் சூடிக்கொள்ள முடியும்.

விரிகுடாப் பகுதியைத் தலைமையிடமாகக் கொண்ட கூகுள் நிறுவனத்தை உருவாக்கிய லாரி பேஜும் செர்கே பிரினும் சிறுவயதில் மாண்டிசோரி பள்ளியில் பயின்றவர்கள். அமேசானை நிறுவிய ஜெஃப் பெசோசும் அவ்வாறே. மென்பொருள் துறையில் பணிபுரியும் தமிழ்க் குடும்பங்களிடையே இச்செய்தி பள்ளிகளின் விளம்பரத்துக்கு நன்கு உதவுகிறது. ஆயினும் மூன்று பேரின் வெற்றியைக் கொண்டு ஒரு கல்விமுறையை அளவிட முடியாது. அதே பள்ளிகளில் பயின்று இயல்பான வாழ்க்கை வாழும் ஆயிரக்கணக்கானோர் பற்றி யாரும் விளம்பரம் செய்வதில்லை.

ஆய்வுகள் காட்டுவது என்ன?

நம்பகமான விடையைத் தருபவை குலுக்கல் முறையிலான ஆய்வுகளே. விண்ணப்பித்தவர்களில் குலுக்கலில் இடம் கிடைத்த குழந்தைகளையும், கிடைக்காத குழந்தைகளையும் ஒப்பிடும்போது, பெற்றோரின் வசதியோ ஆர்வமோ முடிவைத் திரிக்க வாய்ப்பில்லை. வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் ஆஞ்சலின் லில்லார்டும் அவரது குழுவினரும் அமெரிக்காவின் 24 பொது மாண்டிசோரி பள்ளிகளில் நடத்திய இத்தகைய ஆய்வின் முடிவுகள் 2025இல் வெளியாயின. மூன்று வயதில் சேர்ந்த குழந்தைகள், கிண்டர்கார்டன் முடிவில் வாசிப்பு, நினைவாற்றல், தன்னைக் கட்டுப்படுத்தும் திறன், பிறர் மனதைப் புரிந்துகொள்ளுதல் ஆகியவற்றில் முன்னிலையில் இருந்தனர். ஒரு குழந்தைக்கு ஆகும் செலவும் வழக்கமான முறையைவிடக் குறைவு என்று அந்த ஆய்வு கணக்கிட்டது.

இதற்கு மாறான படிப்பினை டென்னசி மாநிலத்திலிருந்து வந்தது. அங்கு ஏழைக் குழந்தைகளுக்கான அரசு முன்பள்ளித் திட்டத்தில் விண்ணப்பித்த சுமார் 3,000 பேரைத் தொடர்ந்து கவனித்த வாண்டர்பில்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், 2022இல் எதிர்பாராத முடிவை வெளியிட்டனர். ஆறாம் வகுப்பை எட்டியபோது, திட்டத்தில் சேர்ந்த பிள்ளைகள் சேராதவர்களைவிடப் பின்தங்கியிருந்தனர். தொடக்கத்தில் எழுத்தறிவில் கிடைத்த சிறு முன்னிலை விரைவிலேயே மறைந்துவிட்டது. குழந்தைகளை ஒன்றாக அமர்த்தி ஆசிரியரே பேசும் நேரம் அதிகமாகவும், தாமே தேர்ந்து விளையாடும் நேரம் குறைவாகவும் இருந்ததும் ஒரு காரணமாக இருக்கலாம் என்ற கருத்து முன்வைக்கப்பட்டது. முன்பள்ளிக்கு அனுப்பிவிட்டால் மட்டும் போதாது, உள்ளே என்ன நடக்கிறது என்பதே முக்கியம் என்பதை இது உணர்த்துகிறது. விளையாட்டு மூளை வளர்ச்சிக்கு இன்றியமையாதது என்றும், மருத்துவர்கள் அதைப் பெற்றோருக்குப் பரிந்துரைக்க வேண்டும் என்றும் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அமைப்பு 2018இல் அறிவுறுத்தியது.

அரசுகளும் இப்பருவத்தின் மீது கவனம் செலுத்தத் தொடங்கியுள்ளன. நியூ ஜெர்சி மாநில உச்ச நீதிமன்றம் 1998இல் அளித்த தீர்ப்பு, வறிய மாவட்டங்களில் மூன்று, நான்கு வயதுக் குழந்தைகளுக்குத் தரமான முன்பள்ளி வழங்க அரசைக் கட்டாயப்படுத்தியது. கலிபோர்னியாவில் 2025-26 கல்வியாண்டு முதல் நான்கு வயதுக் குழந்தைகள் அனைவருக்கும் அரசுப் பள்ளியில் இடம் உண்டு. தமிழ்நாட்டில் 2019 ஜனவரியில் 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் தொடங்கப்பட்டன.

டெக்சாஸின் விதி ஒன்று தமிழ்க் குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டியது. அங்கு அரசின் இலவச முன்பள்ளியில் சேரத் தகுதியுள்ளோரில், குறைந்த வருவாய்க் குடும்பத்துப் பிள்ளைகளோடு, ஆங்கிலம் பேசவோ புரிந்துகொள்ளவோ இயலாத பிள்ளைகளும் அடங்குவர். வீட்டில் தமிழ் பேசினால் பிள்ளை பள்ளியில் பின்தங்கும் என்று அஞ்சி, ஆங்கிலத்துக்கு மாறிவிடும் பெற்றோர் பலர். அதே மொழியை மட்டும் அறிந்த குழந்தைக்கு அரசுப் பள்ளி கதவைத் திறந்து வைத்திருக்கிறது. முதல் ஆறு ஆண்டுகளில் குழந்தை எந்த மொழியையும் சிரமமின்றி உள்வாங்கும் என்ற மாண்டிசோரியின் கருத்தும் அந்த அச்சத்துக்கு இடம் தரவில்லை. தாத்தா பாட்டியின் கதையும் தாயின் தாலாட்டும் எந்த மொழியில் இயல்பாக வருகின்றனவோ, அந்த மொழியிலேயே குழந்தைக்கு முழுமையான பேச்சு கிடைக்கிறது.

பள்ளி வாசலில் பார்க்க வேண்டியவை

பெயர்ப்பலகையைத் தாண்டி உள்ளே பார்ப்பது எளிது. அலமாரிகள் குழந்தையின் கை எட்டும் உயரத்தில் திறந்திருக்கின்றனவா? மூன்று முதல் ஆறு வயது வரையிலானோர் ஒன்றாக இருக்கின்றனரா? இடையூறு இல்லாமல் இரண்டு, மூன்று மணி நேரம் தொடர்ந்து தாமே தேர்ந்த செயலில் ஈடுபட முடிகிறதா? தண்ணீரைச் சிந்திவிட்ட குழந்தையை ஆசிரியை அதட்டுகிறாரா அல்லது துடைக்கும் துணி இருக்கும் இடத்தைக் காட்டுகிறாரா? பள்ளி தரும் விளக்கக் கையேட்டைவிட இந்தக் கேள்விகளுக்கான விடைகள் அதிகம் சொல்லும். கட்டணம் உயர்ந்த பள்ளியில் இவை இல்லாமலும், அங்கன்வாடி ஒன்றில் இவை இருக்கவும் கூடும்.

வீட்டில் செய்ய வேண்டியதற்குப் பணம் தேவையில்லை, நேரம் தேவை. இருவரும் வேலைக்குச் செல்லும் குடும்பங்களில் அரிதாகக் கிடைப்பதும் அதுவே. குழந்தை தானே சட்டைப் பொத்தானைப் போட்டு முடிக்கும்வரை காத்திருக்க ஐந்து நிமிடம் கூடுதலாக வேண்டும். சோற்றைத் தானே எடுத்து உண்ணும் பிள்ளை மேசையைச் சற்று அழுக்காக்கும். பாலர் பள்ளிக்கு முன்பே எழுத்துப் பயிற்சி வகுப்பில் சேர்ப்பதைவிட இவை மெதுவானவை, பிறரிடம் சொல்லிப் பெருமை கொள்ளவும் உதவாதவை.

மகனின் முதல் ஆண்டுகளில் அவனோடு இருக்க இயலாத நிலைக்கு ஒரு சமூகம் மரியா மாண்டிசோரியைத் தள்ளியது. அந்த இழப்புதான் அவரைக் குழந்தைகள் பக்கம் திருப்பியது என்று உறுதியாகக் கூற இயலாது. மரியோ பிறப்பதற்கு முன்பே அவர் அப்பணியில் இறங்கிவிட்டார். ஆனால் அவர் விரும்பியும் பெற முடியாத அந்த ஆண்டுகள், இன்று வாசிக்கும் பெற்றோர் பலரின் கையில் இருக்கின்றன. அவை ஆறு ஆண்டுகள் மட்டுமே.